மூணு நாள் மாத்திரை

கச்சிராயபாளையத்தில் மெடிக்கல் வைத்திருப்பவன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். என் மகளுக்குச் சளி பிடித்தால் நான் டாக்டரிடம் போனதே கிடையாது. நேராக அவன் கடைதான்.

"அசித்ரோமைசின்டா, மூணே நாள். நாலாம் நாள் ஓடிக்கினு இருப்பா பாரு" என்பான். இரண்டாம் நாளே சரியாகிவிடும். மிச்ச மாத்திரையை அடுத்த சளிக்கு எடுத்து வைத்துக்கொள்வோம்.

போன ஐப்பசி மழையில் அவளுக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. அவன் இரண்டு தடவை அதே மாத்திரையைக் கொடுத்தான். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிமோனியா என்று சேர்த்துக்கொண்டார்கள்.

"வெறும் சளி தானா போயிடும்ங்க, அதுக்கு இந்த மாத்திரையே வேணாம். சும்மா சும்மா குடுத்து கிருமிக்குப் பழகிப்போச்சு. இப்ப தேவைப்படறப்ப கேக்க மாட்டேங்குது" என்றார் டாக்டரம்மா. வேறு மருந்து ஏற்றினார்கள்.

மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரியில், டாக்டரைப் பார்க்கும் வரிசையில் மெடிக்கல்காரன் நின்றிருந்தான். தோளில் அவன் மகன், மூக்கு ஒழுகிக்கொண்டு.

"இன்னாடா, உங் கடையில இல்லாத மாத்திரையா?" என்றேன்.

"டாக்டர் பாக்காம எம் புள்ளைக்கு எதுவும் குடுக்க மாட்டேன்டா."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

மகள் தேறிவிட்டாள். எனக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் ஒருநாள் அவன் டாக்டர் சீட்டு கேட்டிருந்தால், கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போயிருப்பேன். கேட்காமல் கொடுத்ததைத்தானே இத்தனை வருஷமும் நட்பு என்று நினைத்திருந்தேன்.