கண்டிகைச் சுற்றுவழி

சட்டக் கல்லூரியில் பல ஆண்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் நடத்தியவன் நான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைத் தண்டிக்கும் பிரிவை இன்றும் வரி பிசகாமல் சொல்வேன். போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் மட்டுமே அந்தப் பிரிவுக்கு உயிர் இருக்கிறது என்பதை என் மகனின் சாவுக்குப் பிறகே அறிந்தேன்.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போகும் பெரிய சாலையில் சோதனை நடந்தால், எதிரே வருகிறவர்கள் முகப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போவார்கள். முன்பின் தெரியாதவருக்கும் இந்த உதவி உண்டு. புரிந்துகொண்டவர்கள் கண்டிகைப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய சாலையில் திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பிய ஒரு வேன்தான், எதிரே ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த என் மகனின் மேல் ஏறியது. ஓட்டியவன் குடித்திருந்தான். சோதனைக்குப் பயந்து திரும்பியதாக அவனே போலீஸில் சொன்னான். மறைக்க வேண்டிய ஒன்றாக அது அவனுக்குத் தோன்றவில்லை.

கருமாதிச் சடங்கு முடிந்ததும் கறிச்சோறு போட்டு, வந்த ஆண்களுக்கு மது வாங்கித் தருவது எங்கள் உறவில் வழக்கம். துக்கம் அதோடு கழிந்தது என்று பொருள். நான் மறுத்தேன்.

"வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பினா நாளைக்கு என்னா பேசுவாங்க பாவா?" என்றார் என் மனைவியின் தம்பி. என் மகனைத் தோளில் சுமந்து வளர்த்த தாய்மாமன். சுடுகாட்டில் என்னைவிட அதிகம் அழுதவர். "நீங்க தர வேணாம். நான் பாத்துக்கறேன்."

எதிர்வீட்டு மாடியில் பாட்டில்களை இறக்கிப் பார்த்துக்கொண்டார்.

பிற்பகல் எல்லோரும் கிளம்பும்போது, முன்னே போன உறவினர் ஒருவர் போன் செய்தார். மைத்துனர் கேட்டுவிட்டு உரக்கச் சொன்னார்: "பெரிய ரோட்டுல ஊதச் சொல்லிகினு இருக்கானாம். எல்லாரும் கண்டிகை வழியா உடுங்கப்பா."

ஒருவர் முகமும் மாறவில்லை. சற்றுமுன் அவர்கள் பிண்டம் வைத்தது அந்தச் சாலையில் செத்தவனுக்கு.

"சாவியைக் கொடு. பஸ்ஸில் போங்கள்" என்றேன் மைத்துனரிடம்.

"ஒரு கட்டிங்குக்குச் சாயற ஆளா நானு? என் வண்டிக்கு வீடு தெரியும் பாவா. நான் தூங்கினாலும் அது போய் நிக்கும்."

"வாத்தியாரு பாடம் எடுக்கறதுக்குள்ள கெளம்பு மாமா" என்றான் ஒருவன். சிரித்தார்கள். மைத்துனரின் மனைவி, சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகனின் வழக்கை விசாரிக்கும் ஆய்வாளரை அழைத்து, ஆட்களைக் கண்டிகைச் சாலைக்கு உடனே அனுப்பச் சொன்னேன். வண்டியின் நிறத்தையும் எண்ணையும் சொன்னேன்.

"உங்க வீட்டு ஆளுங்களா சார்?"

"ஆமாம்."

மகன் விழுந்த இடத்துக்கு முன்னாலேயே அவர்களை நிறுத்தினார்கள். வண்டி பறிமுதலானது. நீதிமன்றத்தில் அபராதம், உரிமம் சில மாதங்களுக்கு முடக்கம். சொன்னது நான்தான் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. உறவினர் வருவது நின்றது. "எனக்குன்னு பொறந்த வீடு அவன் ஒருத்தன்தான்" என்றாள் என் மனைவி. அதனால்தான் செய்தேன் என்று அவளிடம் சொல்ல என்னால் இயலவில்லை.

போலீஸார் கண்டிகையில் நின்றது அந்த ஒரு நாள்தான். மறுபடியும் பெரிய சாலைக்கே போய்விட்டார்கள். விளக்குகள் இன்னும் சிமிட்டுகின்றன.

முதலாண்டுத் திதிக்கு மைத்துனர் வந்தார். உரிமம் திரும்பக் கிடைத்து நாளாகியும் பேருந்தில்தான் வந்தார். தாய்மாமன் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வரேன்க்கா" என்று தமக்கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

சற்று இடைவெளி விட்டு, நிறுத்தம்வரை அவர் பின்னால் நடந்தேன். அவர் ஏறிய பேருந்து பெரிய சாலையில் திரும்பும்வரை அங்கேயே நின்றேன்.