கலெக்டர் கைத்துப்பாக்கி

போன வாரம் ஸ்ரீரங்கத்து வீட்டில் காலைக் காபியோடு உட்கார்ந்திருந்தபோது மருமகள் செல்போனை நீட்டினாள். "மாமா, இதைப் பாருங்கோ. பழைய பிரிட்டிஷ் கைத்துப்பாக்கி விற்பனைக்காம். கலெக்டர்களுக்கு மட்டும்னு போட்டிருக்கான். மத்தவா வாங்கப்படாதா?"

பழம்பொருள் சேர்ப்பவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்ததும் செல்போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல், விசையை இழுத்தால் அடிக்கிற குதிரை குழலுக்கு ஒன்று, குதிரையின் வாயில் கவ்விய சக்கிமுக்கிக் கல். அச்சு அசல் அதே ஜாடை. அப்படி ஒன்றைக் கையில் பிடித்த கலெக்டர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை என்னவோ கணக்குப் பிரிவில். மனசெல்லாம் ஊழியர் நாடகக் குழுவில். கதாநாயகனாகிவிடும் எண்ணத்தில் போனேன். குழுவை நடத்திய சோமு, வார்ப்படப் பிரிவு ஆள், என் குரலைக் கேட்டுவிட்டு, "தம்பி, இது திரைக்குப் பின்னாடி நல்லா எடுபடும்" என்றார். அப்படித்தான் வசனம் எடுத்துக்கொடுக்கிற ஆளானேன். எல்லார் வசனமும் நமக்குத் தெரியும், கைதட்டல் மட்டும் வராது.

அந்த வருஷம் வெள்ளைக்காரக் கலெக்டரை எதிர்க்கும் பாளையக்காரன் கதை. பாளையக்காரன் சோமுதான். கலெக்டர் சுட்டதும் ஒரு முழுப் பக்கம் வசனம் பேசிவிட்டு உயிரை விடுவார். அந்த வசனத்துக்காகவே நாடகத்தை எழுதினார் என்று எனக்கு இன்னமும் சந்தேகம். அட்டைத் துப்பாக்கி எதற்கு, வின்சென்ட் சாரிடம் நிஜமாகவே ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

வின்சென்ட் சார் ரிடையரான எஞ்சின் டிரைவர், ஆங்கிலோ இந்தியர். பொன்மலைப்பட்டியில் சொந்தமாக ஓட்டு வீடு. மனைவி இறந்த பிறகு வெளியே வருவதில்லை. பால்காரர் மணியடித்தால் கதவு கையகலம் திறக்கும், உடனே மூடும். எங்களுக்கும் அந்தக் கையகலம்தான் கிடைத்தது. உள்ளேயிருந்து தேங்காய் எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த வாசனை.

"அது என் வொய்ஃப் வீட்டுச் சொத்து. ஞாயித்துக்கிழமையானா அவதான் எண்ணெய் போட்டுத் துடைப்பா. என் கையை விட்டு எங்கயும் போகாது."

சோமு யோசிக்கவே இல்லை. "அப்ப கையோடயே வாங்க சார். நீங்கதான் கலெக்டர்."

"எனக்கு வெள்ளைக்காரன் தமிழ் வராதுப்பா. நான் பொறந்ததே இந்தப் பொன்மலையிலதான்."

கதவு மூடிக்கொண்டது. மறுநாள் ஒத்திகைக்கு, இஸ்திரி போட்ட கோட்டில், துப்பாக்கியைத் துண்டில் சுற்றியபடி வந்து நின்றார்.

நடிப்பு? அதைக் கேட்காதீர்கள். "வரி கட்டு!" என்று அவர் அதட்டினால், ரயிலைத் தவறவிட்டவரைத் தேற்றுவது போலிருக்கும். ஆனால் ஒத்திகைக்கு ஒருநாளும் வராமலிருந்ததில்லை. டீ வந்ததும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார்.

நாடகத்தன்று மழை. துப்பாக்கியில் மருந்து கிடையாது. அவர் சுடும்போது திரைக்குப் பின்னால் நான் ஒரு வெடி கொளுத்த வேண்டும். வெடி நமத்துப் போயிருந்தது.

வின்சென்ட் சார் விசையை இழுத்தார். கல் உரசிப் பொறி பறந்தது, சத்தம் இல்லை. நான் தீக்குச்சி மேல் தீக்குச்சியாகக் கிழிக்கிறேன். சோமு நெஞ்சை நிமிர்த்திச் சாகத் தயாராக நிற்கிறார். கூட்டத்தில் ஒரு விசில். சார் இரண்டாவது விசையையும் இழுத்தார். மறுபடி பொறி மட்டும். சும்மாவே கூச்சப்படும் மனுஷர். நாலு பேர் சிரித்துவிட்டால் இனி பால்காரருக்குக்கூடக் கதவு திறக்காது.

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். மெதுவாகப் போய் சோமுவின் தோளில் கைவைத்தார்.

"ரெண்டு குழலும் உன்னைச் சுட மாட்டேங்குதுய்யா. எனக்கும் மனசு வரல. வரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போ. உன் பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா."

என் கையிலிருந்த காகிதத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. அரங்கத்தில் எழுந்த கைதட்டலில் மழைச் சத்தமே கேட்கவில்லை. சாக முடியாத சோமு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டார். அதைப் பார்த்து மேடையிலேயே வின்சென்ட் சார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் உறையூரிலும் சமயபுரத்திலும் நாடகம் போட்டோம். எங்கேயும் பழைய முடிவுக்கு யாரும் சம்மதிக்கவில்லை. "எழுதினவனையே சாக விடலியேப்பா" என்று சோமு இன்றைக்கும் போனில் குறைப்படுகிறார். கையை விட்டுப் போகாது என்ற துப்பாக்கியை வின்சென்ட் சார் பிற்பாடு தானே போய் மியூசியத்தில் முறைப்படி ஒப்படைத்தார். "நாலு பேர் பார்க்கட்டும். அவ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா" என்றார்.

ஒத்திகைகளும் அவர் வீட்டுக்கே மாறிவிட்டன. சாயங்காலமானால் வாசல் முழுக்கச் செருப்பு. இருட்டில் எவனாவது என்னுடையதை மாட்டிக்கொண்டு போய்விடுவான். நான் வெறுங்காலோடு ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவேன்.

அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். சார் போய்ச் சேர்ந்தார். ஓட்டு வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் பூட்டு வைத்த செருப்பு அலமாரி. இப்போதெல்லாம் என் செருப்பு தொலைவதே இல்லை.