சாராயக்கடை வாசலில் நின்ற டீக்கன்

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் எங்கள் ஊர் பாப்டிஸ்ட் சபைக்கு நான்தான் டீக்கன், பாஸ்டருக்கு அடுத்த பெரிய மனுஷன். பெயர் டெல்மர் ஸ்ட்ரவுட். தொழில், டிராக்டர் உதிரிபாகம் விற்பது. பொழுதுபோக்கு, பிசாசைத் தேடுவது. 1984இல் அதை என் மகள் மார்லாவின் ராக் இசைத்தட்டுகளில் கண்டுபிடித்து, அத்தனை தட்டுகளையும் சபை வாசலில் மூட்டிய நெருப்பில் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். மார்லா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தாயில்லாத வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒரு வருஷமாக நான் ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பகடை ஆட்டம் வந்தது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறிப் பேசிப் பகடை உருட்டுவார்கள். மார்லாவும் அதை ஆடப் போகிறாள் என்று தெரிந்ததும் பாஸ்டர் க்ரெய்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், நீங்களே போய் உக்காந்து பாருங்க. பிசாசு எப்படி உள்ள வர்றான்னு ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுங்க. அந்த ஆட்டப் பெட்டியையும் நெருப்புல போட்டுரலாம்."

கதை சொல்கிறவன் கர்ட், பீட்சா கடைக்காரன். "சும்மா வேடிக்கை பாக்க முடியாது சார், ஆடணும்" என்று என்னைக் கோடாலி பிடித்த குள்ளனாக்கினான். எதிரே மார்லா, வாள் வீராங்கனை.

முதல் காட்சியே சாராயக்கடை. எல்லோரும் நுழைந்தார்கள். நான் நுழையவில்லை.

"ஏன் சார்?"

"நான் டீக்கன்ப்பா. யாராச்சும் பாத்துட்டா?"

"யாரு பாக்கப்போறா? இது கற்பனை ஊரு சார்."

"எங்க சபைக்காரங்க எங்கதான் இல்ல? நீங்க போயிட்டு வாங்க, நான் குதிரைங்கள பாத்துக்கறேன்."

எங்கள் மாவட்டத்தில் மதுவிலக்கு; பீர் வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டம் போய், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்குகிற ஆட்கள் நாங்கள். ஊறிப்போன பழக்கம்.

அப்போது மார்லா வாயைத் திறந்தாள்.

"யோவ் குள்ளா, உள்ள வாய்யா. வெளிய குளிருது."

ஒரு வருஷத்துக்குப் பிறகு மகள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஓடிப்போய் உள்ளே விழுந்திருக்க வேண்டாமா? மடையன் நான் சொன்ன பதில்: "ஐஸ் டீ இருந்தா வெளிய குடுத்தனுப்பும்மா."

கர்ட் பகடையை உருட்டினான். ஓநாய்கள் வந்தன. குதிரைகள் ஓடின. என் கால் ஓநாய் வாயில் மாட்டியதும், மிச்சம் செவ்வாய்க்கிழமை என்று ஆட்டத்தை நிறுத்தினான். "விதிகளப் படிச்சுட்டு வாங்க சார்" என்று பெட்டியையும் என்னிடமே கொடுத்தான். மார்லா மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்தது, வாசலில் நெருப்பு தயார். பாஸ்டர் மைக்கை நீட்டினார். கடைசி வரிசையில் மார்லா, என்னையே பார்த்தபடி. அந்தப் பெட்டி எரிந்தால் அவள் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"பிசாசப் பாத்தீங்களா பிரதர்?"

"இல்ல பாஸ்டர். ஓநாயத்தான் பாத்தேன்."

"பெட்டி எங்க?"

"கார்ல இருக்கு. அத எரிக்க முடியாது பாஸ்டர். என் கால் இன்னும் ஓநாய் வாயில இருக்கு. செவ்வாக்கிழமை போய்த்தான் எடுக்கணும்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து எனக்காக உருக்கமாக ஜெபிக்கத் தொடங்கினார். டீக்கன் பதவி அன்றைக்கே போனது.

காரில் எப்போதும் பின்சீட்டில் உட்காருகிற மார்லா முன்னால் ஏறினாள். நான் எப்பேர்ப்பட்ட மக்கு, அத்தனை குதிரைகளையும் இனி யார் தேடுவது, கோடாலி எதற்குக் கொடுத்தார்கள் என்று மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.