வெள்ளச்சி பிடித்த எலி

தேவி அக்கா, உன் பூனை கறுப்பிதான் லயத்துக்கே ராணி. என் வெள்ளச்சியை ஒருத்தரும் சீண்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நீ போன பிறகும் எரிகிறது, என்ன செய்ய.

இரண்டும் ஒரே வயிற்றுக் குட்டிகள். தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அடுத்த காம்பரா அத்தையின் விறகுக்கட்டுக்குப் பின்னால் பிறந்தவை. வெள்ளையாக இருக்கிறதே என்று நான்தான் முந்திக்கொண்டு எடுத்தேன். மிஞ்சியதை அக்கா எடுத்தாள்.

லயத்தில் வரிசையாக ஒட்டிய ஒற்றையறை வீடுகள்; எல்லாக் காம்பராவுக்கும் மேலே ஒரே தகரக் கூரை. எலிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரயில் மாதிரி ஓடும். கறுப்பி காதை மட்டும் திருப்பிக்கொண்டு அசையாமல் காத்திருக்கும். பாய்ந்தால் தப்பாது. வெள்ளச்சி அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடக்கும். எலி ஓடினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கும்.

கோதுமை மா மூட்டையை எலி கடித்துவிட்டால் அத்தை எங்கள் வாசலுக்கு வந்துவிடுவாள்.

"ஏ தேவி, கறுப்பிய இன்னைக்கு எங்க காம்பராவுக்கு அனுப்பு புள்ள."

"என் வெள்ளச்சியக் கொண்டு போங்க அத்தே," என்பேன்.

"அதக் கொண்டு போனா எலி வந்து அதுக்குத் தல சீவி விட்டுட்டுப் போகும்டீ!"

கறுப்பிக்குக் கருவாட்டுத் தலை கிடைக்கும். அக்காவுக்கு பிஸ்கட் கிடைக்கும். பாதியை எனக்குத் தருவாள். தின்றுகொண்டே பொறாமைப்படுவேன்.

ஒருநாள் எங்கள் மா மூட்டையிலேயே ஓட்டை. வெள்ளச்சி அதற்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தின்னுட்டுத் தூங்குற பூனைக்கு இங்க சோறு இல்ல. ஞாயித்துக்கெழம ஹாலிஎல சந்தையில விட்டுட்டு வந்துருவேன். அதுக்குள்ள ஒரு எலி புடிச்சுக் காட்டச் சொல்லு, பாப்போம்."

தினமும் வெள்ளச்சியை எலி வளைக்கு முன்னால் பிடித்து உட்காரவைத்தேன். அது என் மடியில் தூங்கியது.

ஞாயிறு காலை அம்மா சாக்கை உதறிக்கொண்டு வந்தாள். அடுப்பங்கரையில், வெள்ளச்சியின் மூக்குக்கு நேரே ஒரு பெரிய எலி செத்துக் கிடந்தது.

"அட, இதுக்கும் வேட்ட தெரியுமா!" அம்மா சாக்கைப் போட்டுவிட்டாள்.

எலியை வாலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்க ஓடினேன். "என் வெள்ளச்சி புடிச்சது!"

"எலி கெழவனா இருக்கும்டீ," என்று அத்தை சிரித்தாள்.

திரும்பி வந்தால் வீட்டில் என்னைப் பார்க்க ஆளில்லை. அம்மா அக்காவின் கையைப் பிடித்து மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்புக் கோடுகள்.

"அடுப்புக்கு மிலாறு ஒடைக்கையில கிழிச்சிருச்சிம்மா," என்றாள் அக்கா. மிலாறு என்றால் காய்ந்த தேயிலைக் கிளை. கறுப்பி வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது.

என் பூனை ஜெயித்த நாளில்கூட அம்மாவுக்கு அவள்தானா என்று எலியை வீசிவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளச்சியின் வாயில் ஒரு துளி ரத்தம் இல்லை. அதை நான் பார்க்கவில்லை. எலியைக் கவ்விய பூனையிடமிருந்து அதைப் பிடுங்கினால் கை என்ன ஆகும் என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

போன மாதம் கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி அக்கா போய்விட்டாள். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அந்தக் கையைத்தான் எடுத்துப் பார்த்தேன். வீங்கிக் கிடந்தது. பழைய கோடு ஒன்றும் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் சாமிக்கு விளக்கு வைக்கும்போது எங்கள் தேவி அக்காவை நினைத்து ஒரு தடவை கும்பிட்டுக்கொள்ளுங்கள். இதில் எனக்குப் பாதி வேண்டாம். முழுசும் அவளுக்கே.