கரை சேர்ந்தால் மடிப்பது

செஞ்சியில், எடைக்குக் காத்திருக்கும் நெல் குவியல்களுக்கு எதிரே, தூறலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்கான போர்த்துகீசிய அகராதி கையில் இருக்கிறது. ‘வந்து சேர்வது’ அதில் ஷெகார், ஸ்பானிய மொழியில் யெகார். இரண்டுக்கும் மூலம் பிலிகாரே என்ற லத்தீன் வினை. அதற்கு மடிப்பது என்று பொருள். கரை சேர்ந்த கப்பலில் பாயை மடிப்பார்களாம்.

எதிரே ஒரு அம்மா தன் குவியலை மூடியிருந்த தார்ப்பாயை எடுத்து மடிக்கிறார்.

“எடை போட்டாச்சாம்மா?” என்று கேட்கிறேன்.

“எங்க சார்! நாலு நாள் மழையில எல்லாம் மொளச்சிப்போச்சி. இனிமே இன்னாத்த மூடுறது? பக்கத்துக் குவியலுக்காவது ஆவட்டும்.”

மடித்த பாயோடு அங்கே போகிறார். அந்தக் குவியல்காரரும் தன் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருக்கிறார்.