இலைக்கட்டும் தீவு ஓட்டலும்

என் தீவில் ஓட்டல் வந்துவிட்டது. கேமில்தான். கல்லூரி விடுதிக்குப் போன மகள் விட்டுச்சென்ற கேம் பெட்டியில் இரண்டு வருடமாக நான் ஒரு தீவு வைத்திருக்கிறேன். களை பிடுங்குவேன், தூண்டில் போடுவேன், கிளிஞ்சல் பொறுக்குவேன். என்னை யாரும் அவசரப்படுத்தாத ஊர் அது ஒன்றுதான். இந்தத் தை மாதம் வந்த அப்டேட்டில் படகுத்துறை ஓரமாகப் புதிதாக ஓட்டல் முளைத்தது. அறைகளை அலங்கரிக்கும் வேலை எனக்கு. வந்து தங்குகிறவர்கள் கரடி, முயல், ஆடு. ஓர் ஆட்டுக்கு எந்தக் கட்டில் பிடிக்கும் என்று சிதம்பரத்தில் உட்கார்ந்து அரைநாள் யோசித்தேன்.

சொந்த மாமாவை வாசலில் 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்காதவள்தான் இந்த உபசாரமெல்லாம் செய்தாள்.

மாமா என்றால் அக்காவின் கணவர். அவர்கள் இருப்பது கடலூர் முதுநகரில். எங்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று பந்திக்கு இலை பத்தாது என்று தெரிந்ததும், விடிவதற்கு முன்பே அவருக்குத்தான் போன் போட்டேன். குடிகாட்டுக் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்த மனிதர் தூங்கப் போகாமல் மார்க்கெட்டுக்குப் போய், இரண்டு கட்டு வாழையிலை வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இப்பத்தான் வரீங்களா? இலை எங்க?"

என் புகுந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். கட்டைக் கீழே வைத்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். முந்தின நாளே வந்திருந்த அக்காவும் பந்தியில் உட்காராமல் பின்னாலேயே போய்விட்டாள்.

தினமும் போனில் பேசுகிறவள் எட்டு மாதமாகப் பேசவில்லை. எனக்கும் வீம்பு. ஓர் இலைக்கட்டுக்கு இவ்வளவா என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் குரல் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் ஓடவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவை இந்த கேமுக்குள் இழுத்துவிட்டதே நான்தான். அவள் வீட்டிலும் ஒரு கேம் பெட்டி, அதில் ஒரு தீவு உண்டு. நான் படகுத்துறையைத் திறந்துவைத்தால் அவள் என் தீவுக்கு வரலாம். ஓட்டல் வந்த சாக்கில் ஒரு மாலை திறந்துவைத்தேன். பச்சைக் கவுன் போட்ட அக்காவின் பொம்மை வந்து இறங்கியது! ஒன்றும் பேசாமல் என் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விட்டது. மறுநாளும் வந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. ஓட்டல் வாசல்வரை வரும், உள்ளே வராது.

எட்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. திரையில் தட்டினேன்.

"அக்கா, உள்ள வா. உன் வூட்டுக்காரருக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி. நீ வா."

பொம்மை துறைக்குத் திரும்பி நடந்து படகில் ஏறிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. அக்காதான்.

"ஏண்டி, என்னத்த எழுதித் தொலைச்ச?"

"உன்னத்தானே கூப்ட்டேன்?"

"அது நான் இல்லடி. நான் அந்தப் பொட்டியத் தொட்டே எட்டு மாசம் ஆவுது. அவருதான் வந்துகிட்டு இருந்தாரு. ஷிப்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் ஒக்காந்துடுவாரு. 'தொறந்து வச்சிருக்கா பாரு, தொறந்து வச்சிருக்கா பாரு'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவாரு."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வந்த மனிதரை இரண்டாவது தடவையும் நான்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"அவருகிட்ட குடு" என்றேன்.

போன் கை மாறியது தெரிந்தது.

"மாமா, அன்னைக்கும் தப்பு என்னுதுதான். இன்னைக்கும் என்னுதுதான். நீங்க வாங்க மாமா."

"எந்த வூட்டுக்கு வரட்டும்?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. தீவு ஓட்டலுக்கா, சிதம்பரத்து வீட்டுக்கா என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் போனை வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.