கணேசலிங்கத்தின் கொரியக் கணக்கு

கணேசலிங்கத்திடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும். குளியலறைச் சுவருக்கு டைல் ஒட்டிக்கொண்டே, வீட்டுக்காரர் தேநீரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், லண்டனில் எந்தச் சனம் எப்படி முன்னுக்கு வந்தது, எந்தச் சனம் ஏன் வரவில்லை என்று சொல்லி முடித்துவிடுவார். கேட்பவருக்குத் தலை சுற்றும். அவருக்குச் சுற்றாது. அவருடைய தலைக்குள் எல்லாம் ஒட்டின டைல் மாதிரி வரிசையாக இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு ஓடிப்போய், வூப்பெற்றால் நகரத்தில் இந்தத் தொழிலைப் பழகியவர். ஒரே மகள் கோசிகா ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று, ஜேர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்த கையோடு மனைவி மாலினியையும் இழுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தார். மாலினிக்கு வூப்பெற்றாலை விட்டு வர மனமில்லை. அவளை யார் கேட்டார்கள்? சொந்தக்காரர் எல்லாம் தாங்கள் இருக்கும் சட்டன் பகுதிக்கு வா என்றார்கள். கணேசலிங்கம் நியூ மோல்டனில்தான் வீடு பார்த்தார். அங்கே தமிழருக்குக் குறைவில்லை. ஆனால் அவர் கண் வைத்தது அங்கே கூடி வாழும் கொரியர்களின் மேல்.

அவருடைய கணக்கு இதுதான். ஐரிஷ்காரர் மண்வெட்டியோடு வந்தார்கள், மண்வெட்டியோடேயே இருந்தார்கள். ஒரு அறைக்குள் நாலு பேர் படுத்து, றோட்டையும் சுரங்கத்தையும் வெட்டி, சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பி, மீதியைக் குடித்து, கடைசியில் கிறிக்கிள்வூட் பக்கம் தனி அறையில் கிழடாகிப்போனார்கள். கொரியர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாடகையையும் பிள்ளையின் பள்ளிக்கூடக் காசையும் கொம்பனி கட்டியது. பிள்ளைகள் வயலின் பெட்டியோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஆக, தமிழன் கொரியனைப் பார்த்து நடக்கவேண்டும், ஐரிஷ்காரனைப் பார்த்துத் திருந்தவேண்டும்.

இவ்வளவும் சொல்லும் மனிதர் இத்தனை வருடமாக வேலை செய்வது டெஸ் என்ற ஐரிஷ்காரரிடம். டெஸ் பள்ளிக்கூடத்தை விட்டதும் கப்பலேறி வந்து, கில்பர்னில் செங்கல் சுமந்து, இப்போது சொந்தமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். நேரம் தவறாமல் சம்பளம் கொடுப்பவர். அதற்காகக் கணேசலிங்கம் கணக்கை மாற்றிவிடுவாரா என்ன?

குழப்பம் கோசிகாவால் வந்தது. இரசாயனம் படித்து, ஹவுன்ஸ்லோ பக்கம் ஒரு மருந்துக் கொம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தவள், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தனக்கு அயர்லாந்தில் கோர்க் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். பெரிய ஆய்வுகூடமாம். ஜேர்மன் பாஸ்போர்ட் இருப்பதால் விசாவும் தேவையில்லையாம்.

"அயர்லாந்தோ?" என்றார் கணேசலிங்கம். "ஐரிஷ்காரன் எல்லாம் பிழைக்க வழியில்லாமல் இஞ்ச வந்து மண்வெட்டியால கிடங்கு வெட்டினவன். நீ அங்க போய் என்னத்தை வெட்டப்போறாய்?"

"அது அந்தக் காலம் அப்பா. இப்ப உலகத்து மருந்துக் கொம்பனி எல்லாம் அங்கதான் இருக்கு. யூ டோன்ட் நோ எனிதிங் அபௌட் இட்."

"எனக்கோ தெரியாது?"

அதோடு வீட்டில் கதை நின்றது. அதாவது கணேசலிங்கமும் கோசிகாவும் கதைப்பது நின்றது. ஏசுவது நிற்கவில்லை. மாலினி ஒரு பக்கம் சோற்றை வைப்பாள், மறுபக்கம் இருவருக்கும் நடுவில் நின்று இழுபடுவாள். மகள் கோபத்தோடு போய்விட்டால் பிறகு திரும்பிப் பார்க்கவே மாட்டாள் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் கணேசலிங்கத்துக்கும் இருந்தது. அவர் அதைச் சத்தம் போட்டு மறைத்தார்.

இந்த நேரத்தில்தான் நியூ மோல்டன் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையின் குசினிக்கு டைல் மாற்றுகிற வேலை டெஸ்ஸுக்கு வந்தது. டெஸ் அதைக் கணேசலிங்கத்திடம் விட்டார். கொரியர் வீட்டு நடப்பைக் கிட்ட இருந்து பார்க்கக் கிடைத்ததில் மனிதருக்குத் தலைகால் தெரியவில்லை.

கொரிய மொழியில் பாதி தமிழ் என்று யாரோ யூடியூப்பில் சொன்னதை அவர் நம்பியிருந்தார். இப்போது காதாலேயே கேட்டார். கடையை நடத்தும் மியொங் என்ற பெண், தலை முழுக்க நரைத்த ஒரு மனிதரை வாய்க்கு வாய் "அப்பா" என்று கூப்பிட்டாள். குசினியில் பாத்திரம் கழுவும் சுன் ஹீ, மியொங்கை "அண்ணி" என்றாள். அது 'ஒன்னி' என்றுதான் கேட்டது. கணேசலிங்கத்தின் காது அதைத் திருத்திக்கொண்டது. போதாக்குறைக்கு அந்த நரைத்த மனிதரின் பெயர் நாம்.

"பேரே நாம்!" என்று அன்று மாலினியிடம் வந்து சொன்னார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? தகப்பன் கல்லாவில நிக்கிறார். மகள் கடையை நடத்துறா. புருஷன்ர தங்கச்சி குசினியில நிக்கிறா. புருஷன் எங்கயோ பெரிய கொம்பனியில இருக்கவேணும், கோட்டுப் போட்டுக்கொண்டு. ஒருத்தரை ஒருத்தர் விட்டிட்டுப் போகேல்லை பார். அதாலதான் அவை முன்னுக்கு வந்தவை."

"நீங்கள் அவையிட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள் மாலினி.

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? காதில விழுகுதுதானே!"

மகளை மடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று அவருக்குப் பட்டது. வேலை முடிந்ததும் குடும்பத்தோடு வந்து சாப்பிடும்படி மியொங் கூப்பிட்டிருந்தாள். கோசிகா தன் கண்ணாலேயே பார்க்கட்டும். தகப்பனும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருந்து எப்படி முன்னேறுவது என்று பார்க்கட்டும்.

அதற்கு முதல் ஆர்ச்வேயில் ஒரு வீட்டு வேலையில் டெஸ்ஸிடமும் ஒரு வார்த்தை கேட்டுவைத்தார். கேட்டது ஆதரவுக்காக. அயர்லாந்தில் இன்றைக்கும் ஒன்றும் இல்லை என்று டெஸ் வாயால் வந்துவிட்டால் போதும்.

டெஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கோர்க்கா? நல்ல இடம் கணேஷ். போகச் சொல். அங்கேயே நின்றுவிட்ட என் தம்பியின் வீடு என் வீட்டைப்போல இரண்டு மடங்கு. அவனுடைய பிள்ளைகள் மண்வெட்டியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். செங்கல் சுமக்க பிரேசில்காரர் வருகிறார்கள்."

"அப்ப நீங்கள் ஏன் வந்தீர்கள்?"

"நான் வந்தபோது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் வீடு கிடைக்காது, வாடகை லண்டனைவிட மோசம்."

"அப்ப போகக் கூடாது?"

"போகச் சொல் என்றுதானே சொன்னேன்."

கணேசலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. கணக்கை நேராக்கலாம் என்று, "ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். தனியாகவா என்று டெஸ் சிரித்தார். மூன்று மகன்மாரும் பேரப்பிள்ளைகளுமாக வீட்டில் உட்காரக் கதிரை போதாதாம். ஒருவன் ஆசிரியன், ஒருவன் சொலிசிட்டர், மற்றவன் ஏதோ கணினி. "ஆனால் அவர்களிடம் ஐரிஷ் என்று சொன்னால் சிரிப்பார்கள், அவர்கள் இங்கேயே பிறந்த வாட்ஃபோர்ட்காரர்" என்றார். தன்னோடு செங்கல் சுமந்த இரண்டு பேர் மட்டும் கிறிக்கிள்வூட்டில் தனி அறையில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கலியாணமும் இல்லை, பேசுவாரும் இல்லை என்றும் சொன்னார். அப்படியானால் ஐரிஷ்காரர் முன்னுக்கு வந்தார்களா, இல்லையா? கணேசலிங்கம் அன்று ஒரு டைலைத் தலைகீழாக ஒட்டிவிட்டுத் திரும்பக் கழற்றினார்.

இருந்தாலும் கொரியர் இருக்கிறார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஞாயிறு மத்தியானம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கோசிகா அம்மாவுக்காக வந்தாள். போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தாள்.

மேசை நிறையச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கறிகள் வந்தன. மாலினி புளித்த கோவா இலையைச் சுவைத்துப் பார்த்து, "உறைப்புப் பரவாயில்லை" என்றாள். மியொங் பக்கத்தில் வந்து நின்றதும் கணேசலிங்கம் தொண்டையைச் செருமினார். மகளுக்குக் கேட்கும்படி, தன்னுடைய ஜேர்மன் கலந்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"உங்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் எந்த மகள் தகப்பனோடு நின்று கடை நடத்துகிறாள்?"

மியொங்குக்கு விளங்கவில்லை. எந்தத் தகப்பன் என்றாள்.

கணேசலிங்கம் கல்லாவைக் காட்டினார். "உங்கள் அப்பா."

மியொங் கல்லாவைப் பார்த்தாள், கணேசலிங்கத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குசினிக்குள் திரும்பிக் கொரிய மொழியில் ஏதோ கத்தினாள். அங்கிருந்தும் சிரிப்பு வந்தது. நாம் என்ற அந்த மனிதர் மட்டும் என்னவென்று தெரியாமல் கல்லாவில் நின்றபடி தலைகுனிந்து வணக்கம் வைத்தார்.

"அவர் என் கணவர்" என்றாள் மியொங். "எங்களில் மனைவிகள் அப்படியும் கூப்பிடுவார்கள். பிள்ளையின் அப்பா என்று அர்த்தம்."

கோசிகா போனைக் கீழே வைத்தாள். மாலினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். "நானும் நாள் முழுக்க உங்களை என்னப்பா, வாங்கோப்பா எண்டுதானே கூப்பிடுறன். அப்ப நான் ஆரின்ர மகள்?"

கணேசலிங்கத்தின் காது சிவந்தது. விடவும் மனமில்லை. "அப்ப உள்ளே இருப்பவர் உங்கள் கணவரின் தங்கைதானே? அண்ணி என்கிறாரே!"

அதுவும் இல்லை. மூத்த பெண் யாரையும் அப்படிக் கூப்பிடலாமாம். சுன் ஹீ அவர்களுக்கு உறவே இல்லை. அவள் கொரியாவின் வடக்கு. ஆற்றைக் கடந்து, சீனாவில் ஒளிந்திருந்து, அகதியாக வந்தவள். "நாங்கள் தெற்கு. ஊரில் இருந்திருந்தால் நானும் அவளும் பேசியிருக்கவே முடியாது. இங்கே நான் முதலாளி, அவள் பாத்திரம் கழுவுகிறாள்" என்றாள் மியொங், கொஞ்சம் வெட்கத்தோடு. கோட்டுப் போட்ட கொரியர், மண்வெட்டி பிடித்த ஐரிஷ்காரர் என்று இரண்டே பெட்டி வைத்திருந்த கணேசலிங்கத்துக்கு, சுன் ஹீயை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியவில்லை. இவள் நம்மைப்போல அல்லவா வந்திருக்கிறாள்!

மியொங்கின் கணவராவது கோட்டுப் போட்டு வந்தாரா என்று கேட்டார். வந்தாராம். பெரிய எலெக்ட்ரோனிக்ஸ் கொம்பனி. சில வருடங்களில் கொம்பனி கிளையை மூடிவிட்டு எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டது. மகள் யூனா அப்போதுதான் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளுக்காக இவர்கள் நின்றுவிட்டார்கள். கணவர் கோட்டைக் கழற்றிவிட்டு வேறொருவர் கடையில் பாத்திரம் கழுவினார்.

"யூனா இப்ப எங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார் கணேசலிங்கம். பெயரைக் கேட்டே மியொங் புரிந்துகொண்டாள்.

"வான்கூவரில். படித்து முடித்தாள், நல்ல வேலை கிடைத்தது, போய்விட்டாள். நாங்கள் அவளுக்காக இங்கே நின்றோம். அவள் போய்விட்டாள், நாங்கள் இங்கேயே நிற்கிறோம்." மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தபடி சொன்னாள். "முந்தி அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். வீட்டில் அவரை அப்பா என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை. ஒருவரும் கூப்பிடாவிட்டால் அவருக்கு மறந்துபோகும். அதுதான் நான் கூப்பிடுகிறேன்."

இதற்குக் கணேசலிங்கத்திடம் பதில் இருக்கவில்லை. அவர் வாழ்க்கையில் இது நடந்ததாக மாலினிக்கு ஞாபகமில்லை. மனிதர் குனிந்து சோற்றைத் தின்றார். குறட்டால் எடுப்பதுபோலக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு பருக்கையாக எடுத்தார்.

வெளியே வந்ததும் மாலினி பக்கத்துக் கொரியக் கடைக்குள் முள்ளங்கி வாங்கப் போனாள். தகப்பனும் மகளும் பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் நின்றார்கள். கோசிகா எதிர்பார்த்தாள். அவர் எப்படியும் ஏதாவது சமாளித்துக்கொண்டு திரும்பத் தொடங்குவார் என்று நினைத்தாள். அவர் பஸ் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது சொல்லுங்கோவன் அப்பா."

"என்னத்தைச் சொல்லுறது பிள்ளை? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஐரிஷ்காரன் கெட்டுப்போனான் எண்டு நினைச்சன், அவன் பேரப்பிள்ளையளோட இருக்கிறான். கொரியன் நல்லா வந்திட்டான் எண்டு நினைச்சன், அந்த மனிசன் கல்லாவில தனிய நிக்குது. ஆரைப் பாத்து நடக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வூப்பெற்றாலை விட்டதே சரியோ பிழையோ தெரியேல்லை. நீ போறதைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல? உன்ர விருப்பம்."

இத்தனை நாளும் கோசிகா கேட்க ஆசைப்பட்டது இந்த வார்த்தையைத்தான். கேட்டதும் அவள் முகம் உடைந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"இப்பிடிச் சொல்லாதேங்கோ அப்பா. நீங்கள் ஏசினால்தான் எனக்குக் கோவம் வரும். அந்தக் கோவத்திலதான் நான் டிக்கெட்டே போட்டனான். எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது, பயமா இருக்கு. நீங்கள் இப்பிடி நிண்டால் நான் எப்பிடிப் போறது? ஐ கான்ட்."

கணேசலிங்கம் மகளைப் பார்த்தார். போகாதே என்று சொன்னால் போய்விடுவாள். போ என்று சொன்னதால் நிற்கப் பார்க்கிறாள். கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும், நின்றேவிடுவாள். அந்த எண்ணம் அவருக்கு இனித்தது. ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்வரை இனித்தது.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்ப கேள்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். "நீ போகக் கூடாது! கோர்க்காம் கோர்க்! உனக்கு அங்க என்ன கிடக்கு? நான் ஒரு நாளும் விடமாட்டன்!" நடுவில் குரல் இடறியது. அவர் நிறுத்தவில்லை. "என்ர சொல்லைக் கேக்காமல் போய்ப் பார்!"

கோசிகா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "போவன்!" என்றாள்.

"போய்ப் பார் பாப்பம்!"

"போய்க் காட்டுறன்!"

முள்ளங்கியோடு வெளியே வந்த மாலினி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இந்த றோட்டிலயுமோ? உங்களுக்கு இரக்கமே இல்லையோப்பா?"

அடுத்த சனிக்கிழமை மூவரும் ஹீத்ரோவுக்குப் போனார்கள். வழி முழுக்கக் கணேசலிங்கம் ஏசிக்கொண்டே வந்தார். பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும்போதும் ஏசினார், பாதுகாப்புச் சோதனை வாசலிலும் ஏசினார். மாலினி கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. மகளின் தலை கூட்டத்துக்குள் மறையும்வரை அவர் வாய் ஓயவில்லை.